புது ரகத்துக்குப் பெயர்: எந்தப் பதிவு யாருக்கு?

காகிதப்பூச் செடியில் ஒரு கிளை மட்டும் தாய்ச்செடியில் இல்லாத நிறத்தில் பூத்து நிற்கிறது. அல்லது விதை போட்டு வளர்த்த நாற்றுகளில் ஒன்று மற்ற எதனோடும் சேராமல் தனியாகத் தெரிகிறது. நர்சரிக்கு வந்தவர் "இதுக்குப் பேரு என்ன?" என்று கேட்கிறார். அந்த இடத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிடுவதிலிருந்துதான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது.

"பெயரைப் பதிவு பண்ணிடலாம்" என்பார்கள். பதிவு என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேலைகள் இருக்கின்றன. ரகப்பெயரைப் பன்னாட்டுப் பட்டியலில் ஏற்றுவது ஒன்று. அந்த ரகத்தின் மீது சட்ட உரிமை வாங்குவது இன்னொன்று. விற்பனைக்கான ஒரு சொல்லை வணிகச் சின்னமாக்குவது மூன்றாவது. முதலாவது பெயரைக் காக்கும், செடியைக் காக்காது. இரண்டாவது செடியைக் காக்கும், அதுவும் குறித்த காலத்துக்குத்தான். மூன்றாவது சொல்லை மட்டும் காக்கும். அதே செடியை வேறு சொல்லில் விற்பவரை அது தொடாது. காகிதப்பூவைப் பொறுத்தவரை முதல் இரண்டுக்குமான அலுவலகங்கள் புது டெல்லியின் பூசா வட்டாரத்திலேயே இருக்கின்றன. அதனால் இரண்டும் ஒன்றே என்று நினைப்பவர்கள் உண்டு. ஓரிடத்தில் பதிந்தது மற்ற இடத்தில் செல்லாது.

முதலில், அது ரகம்தானா?

எந்த வழியில் போனாலும் இந்தக் கேள்வியைத் தாண்டியாக வேண்டும். ரகம் என்றால் மற்றவற்றிலிருந்து பிரித்தறியத்தக்கதாக இருக்க வேண்டும், ஒரே மாதிரி இருக்க வேண்டும், பெருக்கினாலும் அப்படியே நிற்க வேண்டும். கிளை மாற்றத்தில் வந்தவை மூன்றாவதில்தான் தோற்கும். மாற்றம் பெரும்பாலும் தண்டு நுனியின் செல்லடுக்குகளில் ஒன்றில் மட்டும் நடந்திருக்கும். மற்ற அடுக்குகள் பழையபடியே இருக்கும். 'மேரி பால்மர்' ஒரே செடியில் வெள்ளையும் மெஜந்தாவும் காட்டுவதையும், இலையில் மஞ்சள் படர்ந்த 'திம்மா' அவ்வப்போது முழுப்பச்சைக் கிளை விடுவதையும் காகிதப்பூ வளர்ப்பவர்கள் பார்த்திருப்பார்கள். அந்தப் பச்சைக் கிளையை வெட்டாமல் விட்டால் வேகமாக வளர்ந்து செடியையே மூடிவிடும்.

எனவே மாறிய கிளையிலிருந்து 20 குச்சியாவது எடுத்து வேர்விட வையுங்கள். அவை பூத்த பிறகு அவற்றிலிருந்து அடுத்த சுற்று, அதிலிருந்து இன்னொரு சுற்று. மூன்று சுற்றிலும் பழைய நிறத்துக்குத் திரும்பியவை எத்தனை என்று எழுதி வையுங்கள். வேர்த்துண்டிலிருந்து பெருக்கிப் பார்க்க வேண்டாம். வேரிலிருந்து எழும் மொட்டு உள்ளடுக்கிலிருந்து வருவதால் அடுக்கு மாற்றங்கள் அங்கே கலைந்துவிடும். விதை நாற்றில் வந்ததற்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அங்கே ரகம் என்பது அந்த ஒரு நாற்றும் அதன் குச்சிகளும் மட்டுமே. அதே காயில் முளைத்த மற்றவற்றுக்கு அந்தப் பெயர் ஒட்டாது.

இந்தக் காலம் முழுவதும் செடிக்கு எண் மட்டும் கொடுங்கள். அலுமினியத் தகட்டில் "24-07" என்று பொறித்தால் போதும். இதில் சோம்பல் கூடாது, ஏனென்றால் விளையாட்டாக வைத்த செல்லப்பெயர், தேதியும் வருணனையும் உள்ள அச்சிட்ட விலைப்பட்டியலில் ஏறிவிட்டால் அதுவே விதிப்படி நிலைபெற்ற ரகப்பெயராகிவிடக்கூடும். பிறகு நல்ல பெயர் யோசித்தாலும் முந்தியதே முன்னுரிமை பெறும்.

பெயர் விதிகள்: இடறும் இடங்கள்

காட்டுத் தாவரங்களின் லத்தீன் பெயர்களுக்கு ஒரு பன்னாட்டு விதித்தொகுப்பு இருக்கிறது. பயிரிடும் ரகங்களுக்குத் தனியாக இன்னொன்று. இரண்டாவதன் முதல் பதிப்பு 1953-இல் வந்தது. ஒன்பதாம் பதிப்பு 2016-இல். அதிலிருந்து நர்சரிக்காரருக்கு வேண்டியது இவ்வளவுதான்.

ரகப்பெயர் ஒற்றை மேற்கோள் குறிக்குள் வரும். லத்தீன் வடிவத்தில் புதுப்பெயர் வைப்பது 1959 ஜனவரி 1 முதல் செல்லாது. இடைவெளி நீங்கலாக 30 எழுத்துகளுக்கு மேல் போகக்கூடாது. ரகம், கலப்பினம், தேர்வு, வரிசை, மேம்பட்டது என்று பொருள்படும் பொதுச்சொற்கள் பெயருக்குள் வரக்கூடாது. "பெரிய வெள்ளை" என்பதுபோல வெறும் வருணனையும், "இதுவே சிறந்தது" என்பதுபோலப் பெருமை பேசுவதும் ஆகாது. ஒரு பெயர் வகுப்புக்குள், அதாவது பெரும்பாலும் ஒரு பேரினத்துக்குள், அதே பெயர் இரண்டாம் முறை வரக்கூடாது.

கடைசி விதி தமிழ்நாட்டு விவசாயிக்கு ஏற்கெனவே பழக்கமானதுதான். பி.கே.எம். 1 என்று முருங்கையும் உண்டு, தக்காளியும் உண்டு, சப்போட்டாவும் உண்டு, புளியும் உண்டு. எல்லாம் பெரியகுளத்திலிருந்து வந்த முதல் ரகங்கள். பேரினம் வேறு என்பதால் விதிப்படி மோதல் இல்லை. ஆனால் விதைக்கடையில் "பி.கே.எம். ஒண்ணு குடுங்க" என்றால் அடுத்த கேள்வி "எதுல?" என்பதுதான். இந்தச் சுருக்கெழுத்து முறை ஆராய்ச்சி நிலையத்துக்குச் சரி. ஒரு தனி நர்சரி அதைப் பின்பற்றுவதில் பயனில்லை.

தமிழ்ப்பெயர் தாராளமாக வைக்கலாம். ஆனால் உலகப் பட்டியலில் அது ரோமன் எழுத்தில் நிற்கும். ழகரத்தைச் சிலர் இரண்டு எழுத்தால் எழுதுகிறார்கள், சிலர் ஒற்றை எழுத்தால். எதுவானாலும் முதல் நாளே ஒன்றை முடிவு செய்து லேபிள், படிவம், விலைப்பட்டியல் எல்லாவற்றிலும் அதையே எழுதுங்கள். பெயரின் பொருளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து விற்றால் அந்த மொழிபெயர்ப்பு ரகப்பெயர் ஆகாது, வெறும் வணிகப்பெயர். அதற்கு ஒற்றை மேற்கோளும் போடக்கூடாது.

ஏன் இவ்வளவு கெடுபிடி? காகிதப்பூவையே பாருங்கள். 'மிசஸ் பட்' செடியே 'கிரிம்சன் லேக்' என்றும் விற்கிறது; அடுக்கிதழ் 'மஹாரா' செடி 'மில்லியன் டாலர்', 'மணிலா மேஜிக் ரெட்' என்றும் ஊர் ஊராகப் போனது. சாலையோர நர்சரிகளில் பாதிச் செடிகள் "தாய்லாந்து வெரைட்டி" என்ற ஒரே பெயரில் நிற்கின்றன. ஒரே செடியை மூன்று பெயரில் மூன்று முறை வாங்கியவர்களுக்கு இந்த விதிகளின் அருமை தெரியும்.

வழி 1: பன்னாட்டுப் பெயர்ப் பதிவு

ஒவ்வொரு தாவரக் குழுவுக்கும் ஒரு பெயர்ப் பதிவு அமைப்பைப் பன்னாட்டுத் தோட்டக்கலை அறிவியல் சங்கம் நியமிக்கிறது. காகிதப்பூவுக்கு 1966 முதல் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம்தான் அந்த அமைப்பு, மாம்பழத்துக்கும் அதுவே. ரோஜாவுக்கு அமெரிக்க ரோஜா சங்கம். ஆர்க்கிட், டாலியா, லில்லி, நார்சிசஸ் இவற்றுக்கு லண்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம். அல்லிக்குப் பன்னாட்டு அல்லி மற்றும் நீர்த்தோட்டச் சங்கம். ஈழச்சம்பங்கி என்றும் பெருங்கள்ளி என்றும் நம் ஊரில் சொல்லும் புளூமேரியாவுக்கு அமெரிக்காவின் புளூமேரியா சங்கம். இவற்றில் காகிதப்பூவும் மாவும் மட்டும் நம் நாட்டுக்குள்ளேயே முடிகிற வேலை என்பது வசதி.

பதிவாளர் பார்ப்பது இரண்டு: பெயர் விதிக்கு உட்பட்டதா, அதே பெயர் முன்பே இருக்கிறதா. செடி உண்மையிலேயே புதிதா என்று வளர்த்துப் பார்ப்பதில்லை. பதிவு வந்தவுடன் "எனக்கு உரிமை கிடைத்துவிட்டது" என்று பலகை மாட்டுவது தவறு. யாரும் உங்களிடம் ஒரு செடி வாங்கி ஆயிரம் குச்சி வெட்டி விற்கலாம். பதிவாளர் தலையிட மாட்டார். கிடைப்பது, உலகில் வேறு எந்தக் காகிதப்பூவுக்கும் அந்தப் பெயர் போகாது என்பதும், உருவாக்கியவர் இன்னார் என்ற நிலையான குறிப்பும்தான்.

செலவைவிட இதில் உழைப்பு அதிகம், முழுதும் வருணனையில் இருக்கிறது அது. "அழகான இளஞ்சிவப்பு" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் நிற அட்டையில் எந்த எண்ணோடு பொருந்துகிறது என்று காலை வெளிச்சத்தில், நேர்வெயில் படாத நிழலில் வைத்துப் பாருங்கள். காகிதப்பூவில் நாம் பூ என்று சொல்வது பூவடிச் செதில். விரியும்போது ஒரு நிறம், முதிரும்போது வேறு நிறம். ஆகவே விரிந்த நிலை, முற்றிய நிலை, வாடும் நிலை என மூன்று எண் எழுத வேண்டும். கோடையில் நிறம் வெளுக்கும் ரகங்கள் உண்டு, அதையும் குறிக்கவும். குறைந்தது 10 செதிலின் நீள அகலம், உள்ளே இருக்கும் உண்மைப் பூவின் நிறம், முள் நேரா வளைவா, இலையின் மேல் கீழ்ப்புற முடி, கிளை நிமிர்ந்ததா தொங்குவதா இவையும் வேண்டும். அளவுகோல் வைத்து எடுத்த படம் சேருங்கள். ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி மாதிரித்தாளாக ஒரு உலர்தாவரத் தொகுப்பில் கொடுத்து வைத்தால், 30 ஆண்டு கழித்து "எது உண்மையான செடி" என்ற தகராறு வந்தால் அதுதான் சாட்சி.

ஆர்க்கிட் மட்டும் தனிக்கணக்கு

ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே பெயர் பதிவாவது தனிச்செடிக்கு அல்ல, பெற்றோர் இணைக்கு. இதைக் கிரெக்ஸ் என்கிறார்கள். இரண்டு பெற்றோருக்குப் பிறந்த அத்தனை பிள்ளைகளுக்கும், யார் எங்கே எப்போது கலந்தாலும், எது தாய் எது தந்தை என்றாலும், ஒரே கிரெக்ஸ் பெயர். மேற்கோள் குறி இல்லை. அதற்குள் ஒரு குறிப்பிட்ட செடிக்கு ரகப்பெயர் மேற்கோளோடு வரும். சிங்கப்பூரின் தேசிய மலர் பாப்பிலியோனாந்தி மிஸ் ஜோக்கிம் 'ஆக்னஸ்': மிஸ் ஜோக்கிம் என்பது கிரெக்ஸ், 'ஆக்னஸ்' என்பது ரகம்.

மாம்பழத்தில் இது எப்படி மாறுகிறது பாருங்கள். நீலம் × தசேரி தந்தது 'மல்லிகா'. தசேரி × நீலம் தந்தது 'ஆம்ரபாலி'. ஆர்க்கிடாக இருந்திருந்தால் இரண்டும் ஒரே கிரெக்ஸ். மாவில் ரகம் என்பது ஒட்டுக்கட்டிப் பெருக்கும் ஒரே மரத்தின் வாரிசு என்பதால், பெற்றோர் ஒன்றே ஆனாலும் ரகங்கள் இரண்டு. மரத்தின் உயரத்திலும் காயிலும் அந்த வேறுபாடு கண்கூடு.

கிரெக்ஸைப் பதிய, அந்தக் கலப்பில் ஒரு செடியாவது பூத்திருக்க வேண்டும். மகரந்தம் சேர்த்த நாளில் தாய்ச்செடி யாருடையதோ அவரே உருவாக்கியவர். நாற்றை வாங்கிப் பூக்க வைத்தவர் அவர் சம்மதத்தோடுதான் பதியலாம். அதைவிட முக்கியம், அதே இணையை வேறொருவர் முன்பே பதிந்திருந்தால் உங்கள் செடிக்கும் அந்தப் பெயரே, புதுப்பெயருக்கு இடமில்லை. வகைப்பாடு மாறினால் பேரினப் பெயரும் மாறிவிடும். அஸ்கோசென்ட்ரம் என்ற பேரினம் வாண்டா என்ற பேரினத்துக்குள் சேர்க்கப்பட்டதால், மொக்காரா என்ற பழைய கலப்பினங்கள் பதிவேட்டில் அராண்டாவாகிவிட்டன. பூச்சந்தையில் இன்றும் மொக்காராதான்.

வழி 2: ரகப் பாதுகாப்புச் சட்டம்

செடியின் மீது உரிமை வேண்டும் என்றால் 2001-ஆம் ஆண்டின் தாவர ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைகள் சட்டம்தான் வழி. பதிவானால் உற்பத்தி, விற்பனை, வினியோகம், ஏற்றுமதி, இறக்குமதி ஆகியவற்றில் தனியுரிமை. மரங்களுக்கும் கொடிகளுக்கும் முதலில் 9 ஆண்டு, புதுப்பித்தால் மொத்தம் 18. மற்றப் பயிர்களுக்கு 6 ஆண்டு, மொத்தம் 15.

மத்திய அரசு அறிவிக்கை செய்த பயிர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். உங்கள் பேரினம் பட்டியலில் இல்லையென்றால் மேலே படிக்கவே வேண்டாம். பட்டியலை முதலில் பாருங்கள். இருந்தால் விண்ணப்பம், பெற்றோர் விவரம், அந்த மூலப்பொருள் எங்கிருந்து கிடைத்தது என்ற தகவல், மலட்டு விதைத் தொழில்நுட்பம் இல்லை என்ற உறுதிமொழி ஆகியவை போக வேண்டும். அதன்பின் தனித்தன்மை, சீர்மை, நிலைத்தன்மைச் சோதனைக்காகச் செடிகளைச் சோதனை மையத்தில் வளர்த்துப் பார்ப்பார்கள். மையம் கேட்கும் எண்ணிக்கையில் ஒரே வயதுச் செடிகளைக் கொடுக்க முடியாமல் நின்றுபோகும் சிறு நர்சரிகள் உண்டு. ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே போதுமான செடி தயாரா என்று பாருங்கள். தேறினால் விவரம், இந்தச் சட்டத்தை நடத்தும் ரகப் பாதுகாப்பு ஆணையத்தின் இதழில் வரும். மூன்று மாதத்துக்குள் யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். அதைத் தாண்டினால் சான்றிதழ்.

பெரும்பாலும் இடறுவது தேதியில். புது ரகமாகப் பதிய, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஓராண்டுக்கு மேல் அது இந்தியாவில் விற்பனையில் இருந்திருக்கக் கூடாது. வெளிநாட்டில் விற்றிருந்தால் மரம், கொடிக்கு 6 ஆண்டு, மற்றவற்றுக்கு 4 ஆண்டு. பத்துச் செடியை மலர்க்கண்காட்சியில் விற்றதும் விற்பனைதான். பில் புத்தகம் உங்களுக்கு எதிராகவே பேசும். இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பெப்சிகோவின் எஃப்.எல். 2027 உருளைக்கிழங்கைவிட நல்ல உதாரணம் இல்லை. 2012-இல் புது ரகம் என்று விண்ணப்பித்தார்கள். 2009-லேயே விற்பனைக்கு வந்திருந்தது. கடைசியில் 2016-இல் 'ஏற்கெனவே உள்ள ரகம்' என்ற பிரிவில் பதிவானது. 2019-இல் குஜராத் விவசாயிகள் மீது வழக்குப் போட்ட பிறகு அந்தப் பழைய படிவத்தை எல்லோரும் எடுத்துப் படித்தார்கள். 2021 டிசம்பரில் ஆணையம் பதிவை ரத்து செய்தது. 2023-இல் டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி அதை ஏற்றார். 2024 ஜனவரியில் இரு நீதிபதி அமர்வு அந்த ரத்தை நீக்கியது. அவ்வளவு பெரிய நிறுவனம் தாங்கும். ஒரு நர்சரி தாங்காது.

இன்னொரு கண்ணி, கிளை மாற்றத்துக்கே உரியது. தாய் ரகம் ஏற்கெனவே பாதுகாப்பில் இருந்தால், அதில் வந்த மாற்றம் 'பெறப்பட்ட ரகம்' என்று கருதப்படலாம். அப்போது தாய் ரகத்துக்கு உரியவரின் அனுமதி இல்லாமல் சந்தைக்குக் கொண்டுபோக முடியாது. விதை நாற்றுக்கு இந்த வம்பு குறைவு, ஆனால் பாதுகாக்கப்பட்ட ரகத்தைத் திரும்பத் திரும்பப் பெற்றோராகப் பயன்படுத்துவதற்கும் அனுமதி வேண்டும்.

கையில் சான்றிதழ் இருந்தாலும் விவசாயியைத் தடுக்க முடியாது என்பதையும் கணக்கில் எடுங்கள். அவர் சேமிக்கலாம், மறுபடி விதைக்கலாம், பரிமாறலாம், விற்கவும் செய்யலாம். பாதுகாக்கப்பட்ட ரகத்தின் பெயரில் முத்திரையிட்ட விதையாக மட்டும் விற்கக்கூடாது. மறுபக்கம், புது ரகம் உருவாக்கியவர் விவசாயியாகவே இருந்தால் ஆணையத்தில் அவருக்குக் கட்டணம் இல்லை. இதைத் தெரியாமல் இடைத்தரகரிடம் பணம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

வழி 3: வணிகச் சின்னம்

உயிர்ச்செடிகள் 31-ஆம் வகுப்பில் வரும். இணையவழி விண்ணப்பத்துக்குத் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் முடிவே இல்லை. இந்த "முடிவே இல்லை" என்பதுதான் கவர்ச்சி. 'கிரிப்ஸ் பிங்க்' என்ற ஆப்பிள் ரகத்தை உலகம் பிங்க் லேடி என்றுதான் அறியும். பிங்க் லேடி ரகப்பெயர் அல்ல, சின்னம். ரக உரிமை முடிந்தாலும் சின்னம் உயிரோடு இருக்கும். ரோஜாவிலும் அப்படியே: கடையில் கிரஹாம் தாமஸ், பதிவேட்டில் 'ஆஸ்மாஸ்'. ரோஜாக்காரர்கள் வேண்டுமென்றே உச்சரிக்க வராத குறிச்சொல்லை ரகப்பெயராக்கிவிட்டு இனிய பெயரை விற்பனைக்கு வைத்துக்கொள்கிறார்கள். தந்திரம்தான், ஆனால் விதிக்கு உட்பட்ட தந்திரம்.

இங்கே செய்யக்கூடாத தவறு ஒன்றே. ரகப்பெயராகக் கொடுத்த சொல்லைச் சின்னமாகப் பதிய முடியாது. 2001 சட்டமே அதைத் தடுக்கிறது. ஒரே சொல்லை இரண்டு பக்கமும் எழுதினால் ஏதோ ஒன்று விழும். சின்னம் வேண்டுமென்றால் முதல் நாளிலிருந்தே இரண்டு சொல் வேண்டும்.

யாருக்கு எது?

மொட்டைமாடியில் 50 செடி வைத்து ஆசைக்கு வளர்ப்பவருக்கும், உள்ளூரில் விற்கும் நர்சரிக்கும் முதல் வழி போதும். பெயர் நிற்கும், உருவாக்கியவர் பெயரும் நிற்கும். உரிமைக்காக வழக்குப் போடும் எண்ணமோ, குச்சி வெட்டுபவரைக் கண்டுபிடிக்கும் ஆளோ இல்லாதவர் இரண்டாவது வழிக்குப் போவது பூட்டு வாங்கிவிட்டுக் கதவு வைக்காததுபோல.

ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் பெருக்கி, பிற நர்சரிகளுக்கு உரிமக் கட்டணத்தில் கொடுக்கும் திட்டம் உள்ளவர் இரண்டாவதைத்தான் முதலில் செய்ய வேண்டும், அதுவும் ஒரு செடிகூட விற்பதற்கு முன். ஓராண்டைத் தாண்டி விற்றுவிட்டவர் 'பொதுவாக அறியப்பட்ட ரகம்' என்ற பிரிவில் விண்ணப்பிக்க முடியுமா என்று பார்க்கலாம். தேதியை மறைத்துப் புது ரகம் என்று எழுதாதீர்கள். சின்னம் மட்டும் வாங்குவது, பல ரகங்களை ஒரே குடும்பப் பெயரில் விற்கும் நிறுவனத்துக்குப் பொருந்தும். ஒற்றைச் செடிக்கு அது வீண்செலவு.

முதல் இரண்டையும் சேர்த்துச் செய்பவர் இரண்டு படிவத்திலும் அதே எழுத்துக்கூட்டலில் அதே பெயரைக் கொடுக்க வேண்டும். ரகப்பெயரை முதலில் பெயர்ப் பதிவேட்டில் தேடி வேறு யாருக்கும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஆணையத்துக்கு விண்ணப்பித்து, ஒப்புகைத் தேதி கைக்கு வந்தபின் விலைப்பட்டியல் அச்சிடுங்கள். லேபிளில் பேரினப் பெயர், அடுத்து ஒற்றை மேற்கோளுக்குள் ரகப்பெயர், சின்னம் இருந்தால் தனி வரியில் வேறு எழுத்துருவில். பாக்கெட்டில் ஒட்டும் காகித லேபிள் இரண்டு மழைக்கு நிற்காது. தாய்ச்செடியிலாவது பொறித்த தகடு தொங்கட்டும். கம்பியை இறுக்கிக் கட்டினால் தண்டு பருக்கும்போது வெட்டும், ஆண்டுக்கு ஒருமுறை தளர்த்திக் கட்டுங்கள்.